ஆராய்ச்சி மணி



திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் நோக்கிச் செல்லும் சாலையை உங்களுள் பலர் அறிவீர்கள். பேட்டையைக் கடந்து, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று ஊர்களை மணிகளைப்போல் கோத்துக்கொண்டு அது பொதியமலையின் அடிவாரத்தைச் சென்று சேர்கிறது. பொருநை எனப் பழந்தமிழர் போற்றிய தாமிரபரணி அச்சாலைக்குச் சற்றே விலகியும் சற்றே நெருங்கியும் உடன்வருகிறது. நெல்லின் பசுமையைக் காண விரும்புவோர் ரயிலில் போவதைவிட அச்சாலையில் போவதே நன்று. அதிலும் பஸ்ஸில் போவதைவிடச் சைக்கிளில் போவது நன்று என்பேன்.

சைக்கிளில் போகிறவர் யார்? இன்பத்திற்காகப் போகிறவர் சிலரே. தூக்குவாளி கட்டிய பால்காரர், கரண்டியும் மட்டப்பலகையும் பையில் செருகிய கொத்தனார், வயலுக்குத் தண்ணீர் திறக்க விடியுமுன் புறப்படும் குடியானவர், இவர்களே அச்சாலையின் பழைய குடிகள். இவர்களோடு இந்த நூற்றாண்டில் சேர்ந்தவர் பள்ளிப் பிள்ளைகள். 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையின்றிச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயில்வோர் அனைவர்க்கும் அது விரிந்தது. உயர்நிலைப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியிருக்கக்கூடிய எத்தனையோ பெண்களை மேல்நிலைப்பள்ளிக்குக் கொண்டுசேர்த்தது அச்சைக்கிள். அரசு சைக்கிளைக் கொடுத்தது. ஆனால் அதனை ஓட்டிச் செல்லச் சாலையின் ஓரத்தில் ஒரு முழ இடத்தைக் கொடுக்க மறந்தது. இம்மறதியைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இத்தகைய சாலைகளில் நம் நாடெங்கும் அடிக்கடி நிகழும் ஒரு கொடுமையைப் பற்றியே இன்று பேச வந்தேன். குடித்து மதிமயங்கிய ஒருவன் காரையோ லாரியையோ ஓட்டிவருகிறான். ஓரமாய்ச் சென்றுகொண்டிருந்த சைக்கிள்கள்மீது அது ஏறுகிறது. ஒரு நொடியில் ஒரு வீடோ, மூன்று வீடுகளோ இருண்டுபோகின்றன. செய்தி பரவுகிறது, ஊர் திரள்கிறது, கற்களும் முட்களும் சாலையின் குறுக்கே வருகின்றன, பஸ்கள் நிற்கின்றன. தாசில்தார் வருகிறார், போலீஸ் துணைக் கண்காணிப்பாளர் வருகிறார். வேகத்தடை அமைப்போம், சாராயக் கடையை மாற்றுவோம், உதவித்தொகைக்கு எழுதுவோம் என்று சொல்கிறார்கள். மாலையில் கூட்டம் கலைகிறது. மறுநாள் சாலையில் போலீசார் சுண்ணாம்பால் வரைந்த கோடுகள்மீது வண்டிகள் ஓடுகின்றன. அடுத்த வாரத்தில் கோடும் இல்லை, சினமும் இல்லை.

அந்தச் சினம் பொய்யானதா? அன்று. கண்ணீர் விட்டவர் நடித்தாரா? அதுவும் இல்லை. பின் ஏன் அது ஒரு மாலைப்பொழுதில் அவிந்துவிடுகிறது?

பொருநைக் கரையினர் துயரத்தை எளிதில் மறக்கிறவர்கள் அல்லர். அநியாயமாக மாண்டவரைத் தெய்வமாக்கி, வில்லடித்து, அவர் கதையை ஆண்டுதோறும் விடிய விடியப் பாடுகிற வழக்கம் இம்மண்ணில் ஆழ வேரூன்றியது. காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போனவர்கள் பட்டவராயன் சந்நிதியைப் பார்த்திருப்பீர்கள். முத்துப்பட்டன் என்னும் அந்தணன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் குலத்தொழிலையும் மேற்கொண்டு, மாமனாரின் மந்தையைக் காக்கும்போது மாடு திருட வந்தவர் கையால் மடிந்தான் என்பது கதை. நாங்குநேரியில் பிறந்த அறிஞர் நா. வானமாமலை இக்கதைப்பாடலைப் பதிப்பித்துப் படித்தோர் உலகம் அறியச் செய்தார். இன்றும் பக்தர்கள் அச்சந்நிதியில் தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அவை தாமே தேய்ந்திருக்கும், பட்டவராயன் இரவில் அணிந்து காட்டைச் சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. ஆனால், காவலுக்குச் சென்று இறந்தவன் இன்னும் காவலுக்கு நடந்துகொண்டிருக்கிறான் என்று எண்ணிய மக்களின் நெஞ்சம் எத்தகையது என்பதை நோக்குங்கள்.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காகக் கலெக்டரிடம் மனுக்கொடுக்க ஊர்வலமாய் வந்தவர்கள்மீது கொக்கிரகுளத்தருகே போலீசார் தடியடி நடத்தினர். ஆற்றில் இறங்கி ஓடியவருள் 17 பேர் உயிரிழந்தனர். கைக்குழந்தை ஒன்றும் அதில் அடங்கும். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் அந்நாளில் அந்த ஆற்றில் மலர் தூவப்படுகிறது. ஆக, இவ்வூரின் துயரம் நெடுங்காலம் நிற்கக்கூடியதே. சாலையில் மடிந்தவர்க்கு மட்டும் அது ஏன் நிற்பதில்லை?

காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. சாலைச் சாவை நாம் ‘விபத்து’ என்கிறோம். மின்னல் விழுந்தது, வெள்ளம் வந்தது என்பதுபோல் அச்சொல்லைச் சொல்கிறோம். விதி என்று ஒரு பெருமூச்சு விட்டபின் யாரிடம் போய்க் கேட்பது? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர். அவருள் தமிழ்நாட்டில் இறந்தவர் 17,884 பேர் என்பது அரசின் கணக்கு. நாள் ஒன்றுக்குத் தமிழகத்தில் ஏறத்தாழ 49 பேர். இத்தனை மின்னல் எந்த வானத்திலும் இல்லை.

இங்கே மாணவர்கள் அனைவரும் அறிந்த ஒரு கதையைச் சற்றே வேறு கண்ணோடு பார்க்க வேண்டுகிறேன். திருவாரூரில் சோழ இளவரசன் தேரூர்ந்து சென்றான். துள்ளி வந்த கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரின் பெருமையாக எடுத்துரைப்பதும் இதனைத்தான். நாம் இக்கதையைச் சொல்லும்போது மன்னன் அளித்த தண்டனையையே வியந்து பேசுகிறோம். எனக்கோ அத்தண்டனையில் பெருமதிப்பு இல்லை. ஓர் உயிருக்கு ஈடாக மற்றோர் உயிர் போயிற்று என்பதன்றி அதனால் விளைந்தது யாது? நான் வியப்பது வேறொன்று. இளவரசன் குடித்திருக்கவில்லை, வேண்டுமென்று ஏற்றவும் இல்லை. இருந்தும், ‘கன்று ஏன் தெருவுக்கு வந்தது?’ என்று அம்மன்னன் கேட்கவில்லை.

நாம் கேட்கிறோம். சைக்கிளில் விளக்கு இருந்ததா, இருவர் சேர்ந்தாற்போல் ஏன் போனார்கள், அந்நேரத்தில் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறோம். இழவு வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துகொண்டு கேட்கிறோம்! விளக்கு இருத்தல் நன்றே, யார் மறுத்தார்? ஆனால் வெறிகொண்டு வந்த வண்டிக்கு முன்னால் விளக்கில்லாமையை ஒரு குற்றமாக நிறுத்துவது, கொன்றவனுக்கு நாமே வழக்கறிஞராவதாகும்.

சட்டம் இதனை எப்படிப் பார்க்கிறது? குடித்து வண்டியோட்டுதல் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம். 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் கலந்திருந்தால் போதும். இங்கிலாந்தில் 1967-இல் வகுத்த எல்லை 80 மில்லிகிராம்; எனவே ஏட்டளவில் நம் சட்டம் கடுமையானது. 2019-இல் செய்த திருத்தத்தால் முதல் குற்றத்திற்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறுமாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆனால் ஓர் உயிரைப் போக்கியபின் என்ன? நெடுங்காலம் அதனைக் ‘கவனக்குறைவால் நேர்ந்த மரணம்’ என்றே எழுதினார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதற்கு மேல் எல்லை இரண்டு ஆண்டுச் சிறை. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை அதனை ஐந்தாண்டாக உயர்த்தியிருக்கிறது.

கவனக்குறைவு என்னும் அச்சொல்லை அசைத்துக் காட்டியது பம்பாயில் நடந்த ஒரு வழக்கு. 2006 நவம்பர் 12-ஆம் நாள் விடியுமுன், பாந்திராவில் கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கிடந்த தொழிலாளர்மீது, குடித்திருந்த ஓர் இளைஞன் ஓட்டிய கார் ஏறியது. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். கீழ் நீதிமன்றம் அளித்த தண்டனை ஆறுமாதச் சிறை! நகரமே கொதித்தது. உயர் நீதிமன்றம் வழக்கைத் தானே எடுத்து ஆராய்ந்து, இது வெறும் கவனக்குறைவு அன்று, மரணம் விளையும் என்று அறிந்தே செய்த செயல் எனக் கொண்டு, 2007-இல் மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. குடித்துவிட்டுச் சக்கரத்தைப் பிடிக்கிறவன், தான் யாரையேனும் கொல்லக்கூடும் என்பதை அறியாதவன் ஆகமாட்டான்! எழுவர் உயிருக்கு மூன்றாண்டு போதுமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் மக்கள் சினம் நெருப்பு வைக்காமல், கல்லெறியாமல், நீதிமன்றத்தின் வாயில்வரை அணையாமல் சென்றதால் விளைந்த மாற்றம் அது.

கல்லெறிதல் என்றேன். அதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூட்டம் திரண்டு ஓட்டுநரை அடிப்பதும், வண்டியைக் கொளுத்துவதும் நாம் காணாதது அன்று. அடிக்கு அஞ்சி அவன் ஓடிவிடுகிறான். ஓடினால் நேர்வது என்ன? குருதியில் கலந்த சாராயம் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் குறையக்கூடியது. 90 மில்லிகிராம் இருந்தவன் நான்கு மணி நேரம் ஒரு தோப்பில் ஒளிந்திருந்தால் 30-க்கு இறங்கிவிடுவான். பிறகு பிடித்து ஊதச் சொன்னாலும், குருதி எடுத்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவன் குடிக்காதவன். வக்கீலின் வேலை பாதி முடிந்துவிடும். கொளுத்தப்பட்ட வண்டியோ எந்தச் சான்றையும் சொல்லாது. இறந்தவர்க்காகக் கொதித்த கூட்டமே இறந்தவர் வழக்கைக் கெடுத்துவிடுகிறது. அது மட்டுமன்று, எல்லோரும் ஓட்டுநரைச் சுற்றி நிற்கையில், வாய்க்கால் ஓரத்தில் இன்னும் மூச்சு வைத்திருக்கிற ஒரு பிள்ளையைத் தூக்குவார் இல்லாமல் போகிறது. போலீஸ், சாட்சி, அலைச்சல் என்று அஞ்சிய காலமும் மாறிவிட்டது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரை மருத்துவமனையில் தடுத்து வைத்தலும் பெயர் கேட்டு வருத்துதலும் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2019-இல் அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. 2021 டிசம்பர் முதல் தமிழகத்தில் சாலையில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கிறது. 108 என்று மூன்று எண்ணை அழுத்தினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வண்டி வரும். முதற்சினம் இவ்வழியில் ஓடுமாயின் அதனினும் சிறந்தது இல்லை.

இனி, கள்ளும் சாராயமும் விற்போர் பங்கு. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுதும் பரவி, 1971-இல் தளர்ந்தது. பின்னும் மூடியும் திறந்தும் வந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே அதன்வழி நடத்திவருகிறது. தெருவில் விற்கிறவரும் அவரே, சாலையில் நிறுத்தி ஊதச் சொல்கிறவரும் அவரே என்னும் விந்தை நம் நாட்டிற்கு வாய்த்தது.

இவ்விந்தையை வழக்குமன்றத்திற்கு இழுத்தவர் ஒரு தமிழ்நாட்டு வழக்கறிஞர், கே. பாலு என்பவர். நெடுஞ்சாலை ஓரத்தில் சாராயக் கடை ஏன் என்பதே அவர் கேள்வி. இதே கேள்வியை வடக்கே சண்டிகரில் கேட்டவர் ஹர்மன் சித்து. 1996-இல் கார் கவிழ்ந்து நடக்கும் ஆற்றல் இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வழக்காடியவர். 2016 டிசம்பர் 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை எதுவாயினும் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சாலையில் போகிறவன் கண்ணில் படும்படி விளம்பரப் பலகையும் கூடாது. மக்கள்தொகை 20,000-க்கு மேற்படாத ஊர்களில் மட்டும் அத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின.

அதன்பின் நடந்தவை சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவன. கேரளத்தில் பறவூர்ப் பக்கத்து மதுக்கூடம் ஒன்று, இருந்த இடத்தை விட்டு அசையாமல், வாயிலுக்குமுன் சுற்றிச் சுற்றிச் செல்லும் சந்துபோல் ஒரு நடைபாதையைக் கட்டி, நடந்து வரும் தொலைவைக் கூட்டிக் காட்டியது. சண்டிகர் நிர்வாகம் நெடுஞ்சாலைகளின் பெயரையே மாவட்டச் சாலைகள் என்று மாற்றியது. அதே ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு அவ்விதி இல்லை என்று நீதிமன்றமே தளர்த்தியது. தமிழகத்திலோ சாலையோரத்தில் மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்குள் திறக்க முயன்றார்கள். அப்போது பெண்கள் எழுந்தார்கள். அந்தக் கோடையில் ஊர் ஊராக அவர்கள் கடை வாசலில் அமர்ந்ததும், கிராமசபைத் தீர்மானத்தைக் கையில் ஏந்திச் சென்றதும் அண்மை வரலாறு. தலைவர் பெயரோ கட்சிக் கொடியோ இல்லாத கூட்டங்கள் அவற்றுட் பல. சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கடை போகும்வரை மறுநாளும் வந்தார்கள். நான் முன்சொன்ன ஒருமாலைச் சினத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அந்த ‘மறுநாளில்’ இருக்கிறது.

குடிகாரனைச் சிறையிட்டோம், கடையை நகர்த்தினோம், அத்தோடு தீர்ந்ததா? சைக்கிளில் போகிறவனுக்குச் சாலையில் இடம் எங்கே என்னும் கேள்வி அப்படியே இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் பாய்ந்துவிடும். மதுவோ அந்த ஒரு நொடியைத்தான் முதலில் திருடுகிறது. அவனுக்கும் சைக்கிளுக்கும் இடையே ஒரு சுண்ணாம்புக் கோடு கூட இல்லாதபோது வேறு எது காக்கும்?

ஹாலந்து நாட்டை இன்று சைக்கிளின் சொர்க்கம் என்கிறார்கள். அது பிறக்கும்போதே அப்படியிருக்கவில்லை. 1971-ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் இறந்தவர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் குழந்தைகள் மட்டும் 400-க்கு மேல். அவ்வாறு மகளை இழந்தவர்களுள் ஒருவர் விக் லாங்கன்ஹொஃப் என்னும் பத்திரிகையாளர். அவர் 1972-இல் தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. விபத்து என்னும் சொல்லை அவர் எழுதவில்லை. கொலை என்றே எழுதினார். தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தைமாரும் குழந்தைகளும் தெருக்களை மறித்து விளையாடினார்கள். சைக்கிள்களைச் சாலையில் கிடத்தித் தாமும் படுத்தார்கள். அவர்கள் ஓட்டுநர்களுக்குக் கடுந்தண்டனை கேட்டதைவிடச் சாலையை மாற்றக் கேட்டதே மிகுதி. தனிப்பாதை, குடியிருப்புத் தெருவில் குறைந்த வேகம், பள்ளிக்கு அருகே குறுகிய வளைவு என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெற்றார்கள். 2010-களில் அந்நாட்டின் ஆண்டுச் சாலைச்சாவு 700-க்குக் கீழே இறங்கியது. இதற்கு நாற்பது ஆண்டு ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறுமையில்லாதவர்க்கு ஹாலந்து நல்ல எடுத்துக்காட்டு அன்று.

நம் ஊரில் மணி எங்கே தொங்குகிறது என்று கேட்பீர்கள். கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில், கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. சாலைப் பாதுகாப்புக்கென மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழுவும் உண்டு. ‘எங்கள் ஊரில் விபத்து நடக்கிறது, ஆவன செய்க’ என்று எழுதிய மனு கட்டோடு கட்டாய்ப் போய்விடும். மாணவர்களாகிய உங்களால் வேறுவகையான மனுவை எழுத முடியும். பள்ளிக்கு வரும் வழியில் எந்த வளைவில் தோள்மண் அரித்துச் சைக்கிள் தாருக்கு ஏற வேண்டியிருக்கிறது, எந்தப் பாலத்தின்மேல் விளக்கு எரியவில்லை, மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே எத்தனை சைக்கிள் அவ்வழி போகின்றன, மதுக்கடையிலிருந்து நெடுஞ்சாலைக்கு எத்தனை அடி என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறிக்கலாம். நான்கு பேர் ஒரு வாரம் நின்றால் போதும். அளவுநாடா ஒன்று வேண்டும்; அதனைக் கொத்தனாரிடம் இரவல் கேட்கலாம். அவரும் அச்சாலையில் சைக்கிளில் போகிறவர்தாமே.